நாற்பதாவது பூட்டு

அத்தியாயம் 14

போன வாரம் அண்ணியைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். எதிரே லேப்டாப், கையில் கரண்டி, கரண்டியில் இருந்தது வாய்க்கும் போகாமல் தட்டுக்கும் திரும்பாமல் அந்தரத்தில் நின்றது.

திரையில் அவள் கண்ட எண்கள் யாருடைய பூட்டுகளுக்குச் சொந்தம் என்று உங்களில் பாதிப்பேர் அப்போதே ஊகித்திருப்பீர்கள். ஊகம் சரிதான். அவள் கணவனின் பூட்டுகள்.

விடிந்ததும் அண்ணி செய்த முதல் காரியம், ஒரு நீளக் கவரைக் கொண்டுவந்து அண்ணனின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தது.

"இதென்னம்மா அதிசயம்," என்றாள் அம்மா. "ஒரே கட்டில்ல எந்திரிக்கிறவங்களுக்குள்ள தபாலு?"

குட்டி எட்டிப் பார்த்தாள். குட்டிக்கு வயது முப்பத்துநாலு. வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பேர், தலையில் இரண்டு நரை வந்த பிறகும் உதிரவில்லை. அண்ணனின் பூட்டுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு அவள் பொறுப்பு. அண்ணன் முதலாளி. அண்ணி பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியை. அம்மா இவர்கள் மூவருக்கும் மேலதிகாரி.

அண்ணன் கவரைப் பிரித்து வாசித்தான். "மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு..." நிமிர்ந்தான். "எனக்கா?"

"பூட்டு செய்யறவங்க யாரா இருந்தாலும் இதே கடிதம்தான். போன வருஷம் ஆறு பேருக்கு எழுதினேன். நீங்க ஏழாவது."

"நம்ம பூட்டு எண்களோட பட்டியலை உனக்குக் குடுத்ததே நான்தானே."

"ஆமா. ஊர்ப் பூட்டையெல்லாம் அளக்கறப்ப, கறையில்லாத துணி எப்படி இருக்கும்னு பக்கத்துல ஒண்ணு வச்சுப் பாக்கணும். அதுக்காகத்தான் உங்ககிட்ட வாங்கினேன்." அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "துணியிலதான் கறை இருக்கு."

அண்ணன் மேற்கொண்டு வாசித்தான். கோப்பையில் ஆடை படிந்தது. பிறகு கடிதத்தை மடித்து அது வந்த கவருக்குள்ளேயே போட்டான், போட்டுவிட்டால் வராததாகிவிடும் என்பதுபோல.

"எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்றீங்களா, இல்ல நானும் ஒரு தபால் எழுதிக் கேக்கட்டுமா?" என்றாள் அம்மா.

அண்ணி பூட்டு வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து உட்புறத்தைத் திருப்பினாள். பதினோரு வருட ஆராய்ச்சியும் இந்த வீட்டில் அட்டைப் பெட்டிகளின் உட்புறத்தில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் தரும் வழவழத் தாளில் எழுதினால் அவளுக்கு யோசனை ஓடாதாம்.

"அத்தை, நம்ம பூட்டு ஒவ்வொண்ணும் முதல் தடவை கண் முழிக்கறப்ப ரெண்டு பெரிய பகா எண்ணைத் தானா எடுத்துக்கும். ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுக்க முடியாத எண். ரெண்டையும் பெருக்கி, வர்ற விடையை ஊருக்கே சொல்லும். பெருக்கின ரெண்டையும் வயித்துக்குள்ள வச்சுக்கும். அதான் சாவி."

"விடை தெரிஞ்சா ரெண்டையும் கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?"

"உலகத்துல உள்ள அத்தனை கம்ப்யூட்டரும் சேர்ந்து உக்காந்தாலும் ஆயுசு பத்தாது. ஒத்தைப் பூட்டா இருந்தா. ஆனா ரெண்டு பூட்டு வயித்துல ஒரே எண் இருந்துட்டா, கதையே வேற." அட்டையில் இரண்டு எண்களை எழுதினாள். 10807. 10403. "இது ரெண்டும் ரெண்டு பூட்டுன்னு வைங்க. பெரிசுலருந்து சின்னதைக் கழிங்க."

"நானூத்தி நாலு," என்றாள் அம்மா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்; கழித்தலை நிறுத்தவில்லை.

"பத்தாயிரத்தி நானூத்தி மூணுல நானூத்தி நாலு எத்தனை தடவை போகும்?"

அம்மாவின் உதடு அசைந்தது. "இருபத்தஞ்சு. மீதி முந்நூத்தி மூணு."

"நானூத்தி நாலுல முந்நூத்தி மூணு போனா?"

"நூத்தி ஒண்ணு."

"முந்நூத்தி மூணை நூத்தி ஒண்ணால வகுத்தா?"

"மூணு. மீதி இல்ல."

"மீதியில்லாம வகுத்த அந்த நூத்தி ஒண்ணுதான் ரெண்டு பூட்டுக்கும் பொது. ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு வகுத்தல்தான். இப்ப நீங்க ரெண்டு பூட்டை உடைச்சிட்டீங்க அத்தை."

"நானா?" அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "நான் கழிச்சேன், அவ்வளவுதான்."

"ஆறாம் கிளாஸ் கணக்குதான். மீப்பெரு பொது வகுத்தி. நிஜப் பூட்டுல எண்ணுக்கு அறுநூத்திப் பதினேழு இலக்கம், அது ஒண்ணுதான் வித்தியாசம்."

அண்ணன் வாயைத் திறந்தான். "எத்தனை பூட்டு?"

"உங்க பட்டியல்ல பதினாலாயிரத்தி இருநூறு. அதுல முந்நூத்திப் பன்னெண்டு."

"இன்னிக்குப் பதினோரு மணிக்கு மருத்துவமனைக்காரங்க கையெழுத்துப் போட வராங்க. ஆயிரத்தி இருநூறு மருந்து அலமாரிக்கு." அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

"தொண்ணூறு நாள் பொறுத்துக்குவேன்னு கடிதத்துலயே எழுதியிருக்கேன். நானாப் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நேரா என்னைக் கேட்டா, பொய் சொல்ல வராது."

"வராதா, மாட்டியா?"

"ரெண்டும்தான்."

அம்மா அண்ணனின் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சண்டை வருமென்று தெரிந்தால் அவள் பாத்திரம் கழுவப் போவாள். சத்தத்தைச் சத்தத்தால் மறைக்கலாம் அல்லவா.

சண்டை வரவில்லை. அண்ணன் கேட்டான்: "எப்படி ஆச்சுன்னாவது தெரியுமா?"

"தெரியாது. எண்ணு ரெண்டு விஷயம் சொல்லுது. முந்நூத்திப் பன்னெண்டு பூட்டுக்கும் சேர்த்து எட்டே எட்டுப் பகா எண்தான் பொது. ஒவ்வொண்ணும் முப்பத்தொம்பது பூட்டுல இருக்கு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல."

"எட்டா?" என்றாள் குட்டி. கேட்ட பிறகுதான், கேட்டிருக்க வேண்டாமோ என்று பட்டது. "சோதனைத் தட்டுல எட்டுக் குழி இருக்கு அண்ணி."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். கணக்கு பிடிபடும்போது அவள் முகத்தில் வருமே, பசித்த குழந்தை பால் வாசனை பிடித்த மாதிரி ஒரு கவனம், அது வந்தது.

"நானும் உன்கூட வரேன்," என்றாள்.

* * *

வேனைக் குட்டிதான் ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் அண்ணி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி இருந்தாள். சாலை விளக்குக் கம்பங்களை எண்ணுகிறாளோ என்று தோன்றும். எண்ண மாட்டாள். எண்ணியதைக் கலைத்துக்கொண்டிருப்பாள்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், பல்கலைக்கழகம் தூக்கிப் போட்ட ஆறு கம்ப்யூட்டர்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். துணி காயப்போடும் அறை அவற்றுக்குப் போனது. ராப்பகலாக ஒரே இரைச்சல். அம்மா அந்த அறைக்கு 'மில்லு' என்று பேர் வைத்தாள். குளிர்காலத்தில் தலையணை உறைகளை அங்கேயே உலர்த்திக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு மில்லோடு சமாதானமாகிவிட்டாள்.

மில்லில் அரைபடுவது பூட்டு எண்கள். உலகம் முழுக்க, கேட்டவர்க்கெல்லாம் தங்கள் எண்ணைச் சொல்லும் கருவிகள் எட்டுக்கோடியை அண்ணி திரட்டி வைத்திருக்கிறாள். அதில் எந்த இரண்டுக்கு உள்ளே ஒரே எண் ஒளிந்திருக்கிறது? ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் பேரன் காலத்திலும் முடியாது. அண்ணி ஜோடி பார்க்கவில்லை. எல்லா எண்களையும் இரண்டிரண்டாகப் பெருக்கி, வந்ததை மறுபடி இரண்டிரண்டாகப் பெருக்கி, உச்சியில் ஒற்றை ராட்சச எண்ணாக நிறுத்துகிறாள். பிறகு அதே படிகளில் கீழே இறங்கிவருகிறாள், ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு. தரைக்கு வரும்போது எந்தப் பூட்டு எதற்கு உறவு என்று அந்த மீதி சொல்லிவிடும்.

அந்த ராட்சச எண் கம்ப்யூட்டருக்குள் அடங்காது என்றுதான் எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். அதைத் துண்டாக்கி, ஆறு ஓட்டை உடைசலுக்குள் அடக்கிக் காட்டியதுதான் அண்ணியின் பதினோரு வருடம். அதைப் பற்றி அவள் பேசிக் குட்டி ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறாள். "அலமாரியில இடமில்லன்னா துணியை மடிக்கறோம்ல, அந்த மாதிரி," என்றாள் அன்றைக்கு.

குட்டி கணக்கில் இரண்டு தடவை தோற்றவள். மூத்தவன் கெட்டிக்காரன், இளையவள் கைக்காரி என்று வீட்டில் எப்போதோ பங்கு பிரித்துவிட்டார்கள். அண்ணியோ சோதனைத் தட்டில் குட்டி பூட்டு மாட்டும் வேகத்தை நின்று வேடிக்கை பார்ப்பாள். "எனக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது," என்பாள், பொய் வராத அந்த வாயால்.

"என்ன யோசனை?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல. எட்டு."

"எனக்கு எட்டு கவலையில்ல. முப்பத்தொம்பதுதான்."

* * *

சோதனைப் பிரிவில் ஒரு நீள மேஜை. அதன் நடுவில் இரும்புத் தட்டு, தட்டில் எட்டுக் குழி, ஒவ்வொரு குழியின் அடியிலும் ஊசிமுனை மாதிரி இரண்டு தொடுகம்பி. பூட்டைக் குழிக்குள் அமுக்கினால் கம்பி தொடும், மின்சாரம் பாயும், பூட்டு முதன்முதலாகக் கண் விழிக்கும். பிறகு இழுத்துப் பார்த்தல், அடித்துப் பார்த்தல், ஆயிரம் தடவை திறந்து மூடல்.

அண்ணி தட்டைச் சுற்றி வந்தாள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். காதை வைத்துக்கூடக் கேட்டாள்.

"பூட்டு எழுந்ததும் நேரா சோதனைதானா?"

"ஆமா அண்ணி."

"நடுவுல காத்திருக்க வேண்டியதில்லையா?"

"நாலு விநாடி."

அண்ணி தலையாட்டினாள். "ஒரு நாளைக்கு எத்தனை தட்டு?"

"முப்பது. முன்னாடி இருபத்தி நாலு."

இந்த 'முன்னாடி' நழுவி விழுந்துவிட்டது. அண்ணி அதைக் குனிந்து எடுக்கவில்லை. சோதனை ரிஜிஸ்டரைக் கேட்டாள். கையிலிருந்த பட்டியலின் பூட்டு எண்களை வரிசையாகச் சொன்னாள். குட்டி பக்கங்களைப் புரட்டினாள். முதல் எட்டுப் பூட்டும் ஒரே நாள், ஒரே தட்டு, அன்றைய முதல் தட்டு. அடுத்த எட்டும் அதற்கு முந்தின நாளின் முதல் தட்டு. அதற்கடுத்த எட்டும் அப்படியே.

"காலையில இந்த மேஜைக்கு மின்சாரம் வந்ததும் ஏறுற முதல் தட்டு," என்றாள் அண்ணி மெதுவாக. "நாள் முழுக்க மத்த இருபத்தொம்பதும் சுத்தம். முதல் தட்டு மட்டும்."

குட்டி பக்கங்களை எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமில்லை. எந்தப் பக்கத்தில் போய் நிற்குமென்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவளே பச்சை மையில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள்.

முப்பத்தொன்பது வேலை நாட்களுக்கு முன்னால், பூட்டுக்குள் போகும் சிப்பைக் கொடுத்தவர்களின் குறிப்பில் 'விழித்ததும் நான்கு நிமிடம் காத்திருக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. எதற்கென்று எழுதவில்லை. சும்மா நிற்கும் நான்கு நிமிடம் குட்டியின் கண்ணை உறுத்தியது. நான்கு விநாடியாகக் குறைத்தாள். ஒரு பூட்டைப் பத்தாயிரம் தடவை திறந்து மூடிப் பார்த்தாள். ஒரு குறையுமில்லை. ஆறு தட்டு கூடுதலாக ஓடியது. தொழிற்சாலையே கூடி நிற்க, அண்ணன் அவள் கையில் ஒரு கடிகாரம் கட்டிவிட்டான். அன்றைக்கு எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது அண்ணி.

வாழ்க்கையில் அவள் ஜெயித்த ஒரே கணக்கு அது.

"முப்பத்தொம்பதுன்னா உனக்கு ஏதாவது தோணுதா?" என்றாள் அண்ணி, ரிஜிஸ்டரைப் பார்த்தபடி.

"இல்ல அண்ணி."

"சரி." அண்ணி ரிஜிஸ்டரை மூடினாள். "மணி என்ன?"

குட்டி மணிக்கட்டைத் திருப்பினாள். "பத்து அம்பது."

* * *

மருத்துவமனையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அண்ணியும் குட்டியும் மேஜையின் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். இருவர் கோப்பைப் புரட்டும் ரகம். மூன்றாவது, தலைமை மருந்தாளுநர் அம்மாள். குட்டையான உருவம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பூட்டின் பெருமையைப் பத்து நிமிடம் சொன்னான். கடைசியில், பழக்கதோஷத்தில், "எங்க வீட்டம்மா எண்ணுல ஆராய்ச்சி பண்றவங்க" என்றும் சேர்த்துவிட்டான். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதுதான். இன்றைக்குச் சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஒரு கேள்வி," என்றாள் மருந்தாளுநர். "என் அலமாரியில இருக்கற சில மருந்து, ஒரு சொட்டு கூடினா ஆளைக் கொன்னுடும். ஒரு பூட்டை எவனோ உடைச்சிட்டான்னு வைங்க. அது அந்த ஒரு அலமாரியோட போயிடுமா, பக்கத்து அலமாரியும் சேர்ந்து போகுமா?"

"ஒவ்வொண்ணும் தனித்தனி மேடம்."

"நீங்க விக்கறவரு, அப்படித்தான் சொல்வீங்க. இவங்க எண்ணுக்காரங்கன்னீங்களே, இவங்க சொல்லட்டும்."

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். கணவனைப் பார்த்தாள். அவன் மேஜைமேல் கிடந்த பேனாவைப் பார்த்தான். அண்ணி வாயைத் திறக்கப் போகிறாள். திறந்தால் வருவது ஒன்றுதான்.

அப்போதுதான் குட்டி ஒன்றைக் கவனித்தாள். அண்ணி அறையிலிருந்த எல்லோரையும் பார்த்தாள், அவளை மட்டும் பார்க்கவில்லை. அவள் பக்கம் கண் திரும்பாதபடி கழுத்தைப் பிடித்து வைத்திருந்தாள். கை தட்டியவளுக்குத் தேதி தெரியாமல் இருக்குமா? அறுநூற்றுப் பதினேழு இலக்கத்தை நினைவில் வைத்திருப்பவளுக்கு?

நாற்காலி தரையைக் கீறியது. எழுந்து நிற்பது தான்தான் என்று குட்டிக்கு அதன்பிறகுதான் தெரிந்தது.

"அண்ணி பதில் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்."

"குட்டி," என்றான் அண்ணன்.

"முந்நூத்திப் பன்னெண்டு பூட்டு சேர்ந்து போகும் மேடம். அதுல ஒண்ணை உடைச்சா அதோட சேர்ந்து இன்னும் முப்பத்தெட்டு போகும். நான்தான் காரணம். எழுந்ததும் நாலு நிமிஷம் நிக்கணும்னு குறிப்புல இருந்துச்சு. அது எதுக்குன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னா கேட்டிருக்கணும். வேண்டாததுன்னு நெனச்சு வெட்டிட்டேன்."

குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மருந்தாளுநர் அண்ணியிடம் திரும்பினாள். "இவங்க சொல்றது உங்க கணக்குக்கு ஒத்து வருதா?"

"எட்டுக்கும் ஒத்து வருது, முப்பத்தொம்பதுக்கும் ஒத்து வருது." அண்ணி இப்போது குட்டியை நேராகப் பார்த்தாள். "அரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி 'ம்'னுதான் சொல்வாங்க. பூட்டும் அப்படித்தான். கம்பியில வர்ற நடுக்கம், சூடு, கடிகாரத்தோட சின்னப் பிசகு, இதையெல்லாம் சேர்த்துக்கிட்டாத்தான் அதுக்குன்னு ஒரு தனி எண்ணை எடுக்க முடியும். சேர்த்துக்க நாலு நிமிஷம். காலையில முதல் தட்டுல எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், அதனால ஒரு குழியில ஏறுற பூட்டு தினமும் அதே முதல் எண்ணைத்தான் எடுக்கும். ரெண்டாவது எண்ணை எடுக்கறதுக்குள்ள தூக்கம் கலைஞ்சுடும், அது வேற வேற. நாலு நிமிஷம் ஏன்னு குறிப்புல எழுதாததும் தப்புதான். நான் படிச்ச ஆறு குறிப்புல ஒருத்தரும் எழுதல."

மருந்தாளுநர் கண்ணாடியைக் கயிற்றோடு இறக்கிவிட்டாள்.

"இன்னிக்குக் கையெழுத்து இல்ல," என்றாள் அண்ணனிடம். அண்ணன் தலையசைத்தான். பிறகு குட்டியிடம்: "எங்க மருந்தகத்துல மாத்திரை மாறிப் போச்சுன்னா அதுக்கு ஒரு படிவம் இருக்கு. நிரப்பினவங்களை நான் வேலையை விட்டு அனுப்பினதில்ல. நிரப்பாத ரெண்டு பேரை அனுப்பியிருக்கேன்." எழுந்தாள். "மூணு வாரம் கழிச்சு வரேன். புதுப் பூட்டு எல்லாத்தோட எண்ணையும் இந்தம்மா பார்த்திருக்கணும். பார்த்தேன்னு இவங்க வாயால சொல்லணும்."

அவர்கள் போன பிறகு அண்ணன் நெடுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்கிட்ட காலையிலேயே சொல்லியிருக்கலாம்."

"காலையில எனக்கே தெரியாதுண்ணா. பத்து அம்பதுக்குத்தான் தெரிஞ்சுது."

"பத்து அம்பதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல பத்து நிமிஷம் இருக்கு."

அண்ணன் பதிலுக்கு நிற்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டான்.

* * *

பிற்பகல் முழுவதும் கிடங்கில் கழிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டில் அறுபத்துநாலு கடைகளுக்குப் போயிருந்தது. குட்டி ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டாள். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னதும்தான் தண்ணீர் குடித்தாள். மீதி இருநூற்று நாற்பத்தெட்டையும் அண்ணியும் அவளுமாகப் பொறுக்கி எடுத்தார்கள். உள்ளே இருப்பதை அழித்து, மறுபடி எழுப்பி, இந்தத் தடவை நான்கு நிமிடம் நிற்க வைக்க வேண்டும். அதற்காகச் சோதனைத் தட்டையும் கிடங்குக்கே கொண்டுவந்திருந்தார்கள்.

குட்டி கடிகாரத்தைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதே," என்றாள் அண்ணி, பெட்டியிலிருந்து தலை நிமிராமல். "நாலு நிமிஷம் பாக்கறதுக்கு வேணும்."

குட்டி அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.

"உங்களுக்கு முன்னமே தெரியும்ல அண்ணி."

"நாள் தெரியும். கை தட்டி உள்ளங்கை சிவந்த நாளாச்சே."

"அப்ப ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"எண்ணு நாளைச் சொல்லும். ஆளைச் சொல்றது எண்ணோட வேலை இல்ல, என்னோட வேலையும் இல்ல." அண்ணி ஒரு பூட்டைத் தூசி தட்டி வைத்தாள். "கழிச்சுக்கிட்டே போனா கடைசியில நிக்கறது தானா நிக்கும்னு தெரியும். நீ நின்னே."

குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத தூசி ஒன்றைத் துடைத்தாள்.

அட்டைப் பெட்டிமேல் இருந்த லேப்டாப் ஒரு முறை கூவியது. வீட்டில் மில்லு ஒரு சுற்று முடித்தால் அப்படிக் கூவும். குட்டியின் எட்டுப் பகா எண்களையும் எட்டுக்கோடி எண்கள்மேல் ஓடவிட்டுவிட்டுத்தான் அண்ணி காலையில் கிளம்பியிருந்தாள். வேறு நிறுவனத்துப் பூட்டு எதிலாவது அவை இருக்கின்றனவா என்று பார்க்கத்தான். இருக்காது என்றுதான் நினைத்திருந்தாள்.

அண்ணி திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் குட்டியைப் பயமுறுத்தியது.

"மூணாம் குழியோட எண்," என்றாள் அண்ணி. "நாற்பது தடவை."

"முப்பத்தொம்பதுதானே?"

"நம்ம ரிஜிஸ்டர்ல முப்பத்தொம்பது. வெளியில ஒண்ணு. நம்ம பூட்டுதான், ஆனா நம்ம பட்டியல்லயே இல்லாத பூட்டு. எங்கேயோ மாட்டியிருக்காங்க. இன்னிக்குக் காலையில ஆறு பத்துக்குக்கூட, கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கு."

குட்டிக்குக் கிடங்கின் தகரக் கூரை தலைக்கு இறங்கி வந்தாற்போல இருந்தது. பச்சை நட்சத்திரத்துக்கு முந்தின நாள். வேலை தொடங்குமுன், யாரும் வராத நேரம், சோதனை மேஜைக்கு மின்சாரம் கொடுத்து, கைக்கு வாகான மூன்றாம் குழியில் ஒரே ஒரு பூட்டு. நான்கு விநாடி. பத்தாயிரம் தடவை திறந்து மூடியது அந்தப் பூட்டைத்தான். சோதனைக்குப் போட்டதை விற்கக் கூடாது என்பதால் ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை. சிவப்பு ஒட்டுநாடா சுற்றி, உடைத்துப் போடச் சொல்லி...

கிடங்குக் கதவில் நிழல் விழுந்தது. அண்ணன். கையில் டீ தம்ளர்கள் இரண்டு. சமாதானத்துக்கு வந்திருந்தான் போல.

"அண்ணா," என்றாள் குட்டி. "சிவப்பு நாடா சுத்தி உங்ககிட்ட ஒரு பூட்டு குடுத்தேனே. ஓரமா வை, நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

அண்ணன் தம்ளர்களை ஒரு பெட்டிமேல் வைத்தான். ஒன்று சாய்ந்து வழிந்தது, அவன் நிமிர்த்தவில்லை.

எந்தப் பூட்டு என்று அவன் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

"அதைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

"எனக்கா?" என்றாள் அண்ணி.

"வேற யாருக்காவது."

"கடையில நம்ம பூட்டு ஒண்ணு வாங்கணும், மூணாம் குழிப் பூட்டா அமையணும். அமைஞ்சுட்டா, அப்புறம் காலையில அத்தை போட்ட கணக்குதான்." அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். "என்னங்க. அதை எங்க மாட்டியிருக்கீங்க?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தான். குட்டியிடம் நீட்டினான்.

"நீ ஓட்டு. என்னால முடியாது."

கடைசியாக மாட்டிய தட்டுக்கு இன்னும் இரண்டு நிமிடம் பாக்கியிருந்தது. அன்று பிற்பகலில் முதன்முறையாகக் குட்டி அதற்குக் காத்திருக்கவில்லை. அண்ணி லேப்டாப்பை மூடி இடுக்கிக்கொண்டாள். மில்லு வீட்டில் அடுத்த சுற்றை ஓட்டிக்கொண்டிருந்தது. பதினோரு வருடத்தில் அவள் விடைக்குக் காத்திராமல் எழுந்தது அதுதான் முதல் தடவை.